இரண்டாம் பிரிவு

புளியங்குடியில் எங்கள் தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் சிலர் உண்டு. அவர்களுள் ஒருவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம், உறவுமுறையில் எனக்கு மாமா. பதினெட்டு வயதில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, பயிற்சிக்காக வெலிங்டன் புறப்பட்ட அன்று பேருந்து நிறுத்தத்தில் தெருவே திரண்டு நின்றதாக என் அம்மா சொல்வாள். எலுமிச்சை மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த அவருடைய தந்தை அன்றைக்கு ஏலத்துக்குப் போகவில்லையாம். நாற்பது வயதில் ஹவில்தாராக ஓய்வுபெற்று அவர் ஊர் திரும்பியபோதும் வரவேற்புக்குக் குறைவில்லை. கோவில் கொடையில் முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள்.

அடுத்த ஆண்டே அவர் மறுபடியும் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். இம்முறை கண்ணூருக்கு. வழியனுப்ப நின்றவர்கள் இரண்டே பேர்: அத்தையும் நானும்.

"எதுக்கு மாமா மறுபடியும்? வந்து ஒரு வருஷந்தான ஆகுது?" என்று கேட்டேன்.

"சம்பளம் வருதுல்லா மருமவனே" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. பேருந்து போனபின் அத்தைதான் சொன்னாள்: "அன்னைக்கு நாட்டுக்குப் போறாவன்னு எல்லாரும் வந்தாவளாம். இன்னைக்கு மவளுக்கு ஃபீஸ் கட்டப் போறாவ. அதுக்கு யாரு வருவா?"

பல ஆண்டுகளாக இந்தக் கேள்வி என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. ஒரே மனிதர், ஒரே துப்பாக்கி, ஏறக்குறைய ஒரே சீருடை. ஆனால் முதல் புறப்பாட்டுக்கு மாலையும் இரண்டாவது புறப்பாட்டுக்கு மௌனமும் கிடைப்பது எதனால்? படை மாறி மீண்டும் சேர்பவர்களைப் பற்றி நம்மிடம் சரியான சொல் இல்லை என்பதும், சொல் இல்லாத இடத்தில் நியாயமும் இருப்பதில்லை என்பதும் என் எண்ணம். அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

*

மாமா சேர்ந்த படையின் பெயர் டிஃபன்ஸ் செக்யூரிட்டி கோர். பட்டாளத்துக்காரர்கள் சுருக்கமாக டி.எஸ்.சி. என்பார்கள். அதன் தொடக்கம் 1947. தலைமைப் பயிற்சி மையம் கேரளத்தின் கண்ணூரில் இருக்கிறது. ஆயுதக் கிடங்குகள், விமானப்படைத் தளங்கள், கடற்படை நிலையங்கள், பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடங்கள் ஆகியவற்றைக் காவல் காப்பது இதன் பணி. இதில் சேர்க்கப்படுகிறவர்கள் முன்னாள் படைவீரர்கள். ஒரு காலத்தில் எல்லையில் நின்றவர்கள், பிற்காலத்தில் ஒரு மதிற்சுவரின் வாயிலில் நிற்கிறார்கள்.

இந்தப் படைக்கான தேவை இருபக்கமும் இருக்கிறது. நம் நாட்டில் சிப்பாய் இளமையிலேயே ஓய்வுபெறுகிறான். அரசுப் பள்ளி ஆசிரியரோ வருவாய்த்துறை எழுத்தரோ பணியின் நடுப்பகுதியில் இருக்கும் வயதில் அவனுக்குப் பிரிவு உபசாரம் நடந்துவிடுகிறது. படை இளமையாக இருக்க வேண்டும் என்பது அரசின் கணக்கு. அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் வீட்டின் கணக்கு வேறு. நாற்பதில் பிள்ளைகள் பள்ளியை முடித்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கடன் பாதியில் நிற்கும். பெற்றோருக்கு மருத்துவச் செலவு அப்போதுதான் தொடங்கும். ஓய்வூதியம் உண்டு, மறுக்கவில்லை. அது அரிசிக்கும் பருப்புக்கும் ஆகும். மகளின் பொறியியல் கல்லூரிக்கு ஆகாது.

ஆகவே ஓய்வுபெற்றவன் தேடுகிறான். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் முன்னாள் படைவீரர்களுக்கு 5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. 1986இல் மாநில அரசு தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனத்தின் வழியே மின்நிலையங்களிலும் பிற அரசு நிறுவனங்களிலும் காவல் பணி கிடைக்கிறது. இவையெல்லாம் இருந்தும் பலருடைய மனம் டி.எஸ்.சி. பக்கமே சாய்கிறது. அங்கேதான் பழைய வாழ்க்கையின் தொடர்ச்சி இருக்கிறது. காலை அணிவகுப்பு, மெஸ், கேன்டீன், விடுப்புக்கு எழுதும் அதே விண்ணப்பம். வெளியுலகம் இருபது ஆண்டுகளில் மாறிப்போயிருக்க, மாறாத ஓர் இடத்துக்குள் திரும்பிப் போகிற நிம்மதி அது.

விலை ஒன்று உண்டு. பெரும்பாலும் அவர்கள் மறுபடியும் சிப்பாயாகவே சேர வேண்டும். மூன்று பட்டை அணிந்த ஹவில்தார் பட்டைகளைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார். தனக்குக் கீழ் பத்துப் பேரை நடத்தியவர், தன்னைவிட வயதில் இளையவரிடம் 'ஜீ சாப்' சொல்லி வரிசையில் நிற்கிறார். மாமா அந்தப் பட்டைகளை அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தார். அத்தை அதைத் துடைத்து வைப்பாளே தவிர இடம் மாற்றமாட்டாள்.

*

இலக்கிய வாசகர்களுக்கு இங்கே நம் மரபு நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. ஆனால் நினைத்த இடத்தில் அல்ல.

படைவீரன் என்றவுடன் நாம் புறத்திணைக்குப் போகிறோம். ஆநிரை கவர்வதற்கு வெட்சி, படையெடுப்புக்கு வஞ்சி, முற்றுகைக்கு உழிஞை, நேர்நின்று பொருவதற்குத் தும்பை, வெற்றிக்கு வாகை. வீழ்ந்தவனுக்கு நடுகல். நாற்பது வயதில் காயமின்றித் திரும்பி, அடுத்த வேலை தேடுகிறவனுக்கு அங்கே பூ இல்லை. திரும்பி வருகிறவன் இருப்பது அகத்தில், முல்லையில். கார்காலம் தொடங்கிவிட்டது, பாகனே தேரை விரைந்து செலுத்து என்று அவன் தவிக்கிறான். வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள். தேர் ஊருக்குள் நுழைகிறது. அங்கே பாட்டு முடிந்துவிடுகிறது. மறுநாள் காலை அந்த வீட்டில் உலை வைக்க என்ன இருந்தது என்று எந்தப் புலவரும் சொல்லவில்லை.

ஆனால் தொல்காப்பியத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. அகத்திணை ஒவ்வொன்றுக்கும் ஒரு புறத்திணையை அது இணையாக வைக்கிறது. வஞ்சி முல்லைக்குப் புறம்: ஒருவன் படையோடு போகிறான், ஒருத்தி காத்திருக்கிறாள். இது எளிதில் விளங்கும். வாகையை அது எதற்குப் புறமாக வைக்கிறது? பாலைக்கு. வெற்றியின் மறுபக்கம் பிரிவும் வறண்ட வழியும். உரையாசிரியர்கள் இதற்குப் பல பொருத்தங்கள் காட்டியிருக்கிறார்கள். எனக்கோ எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தம்தான் அதற்கு உரையாகத் தோன்றுகிறது. வாகை சூடித் திரும்பியவன் ஓராண்டுக்குள் பாலைக்குள் இறங்குகிறான்.

இறையனார் களவியல் பிரிவுகளைக் கணக்கிட்டு ஆறாக வகுக்கிறது. ஓதற்பிரிவு, காவற்பிரிவு, பகைதணிவினைப் பிரிவு, வேந்தற்குற்றுழிப் பிரிவு, பொருட்பிரிவு, பரத்தையிற் பிரிவு. இவற்றுள் மாமாவின் முதல் பயணம் வேந்தற்குற்றுழிப் பிரிவு என்பதில் ஐயமில்லை. அரசுக்குத் தேவை, அவன் போகிறான். இரண்டாவது பயணம்? பெயரளவில் அது காவற்பிரிவு. அந்த நூல் காவல் என்பது நாடு காத்தலை. இவர் காப்பது ஒரு கிடங்கின் வாயிலை. உள்ளபடி அது பொருட்பிரிவு. பொருள் தேடிப் போகிறவனை நம் மரபு ஒருபோதும் இழிவாக நினைக்கவில்லை. பாலைப் பாட்டின் பெரும்பகுதி அவனைப் பற்றியதுதான். பொருளுக்காகப் பிரிவது இல்லறத்தின் கடமை என்றே அது கருதியது. நாம்தான் இடையில் எங்கோ அதை மறந்துவிட்டு, துப்பாக்கி ஏந்துகிறவன் சம்பளத்தைப் பற்றிப் பேசினால் முகம் சுளிக்கப் பழகிவிட்டோம்.

*

எங்கள் வட்டாரத்துக்குப் படை மாறுதல் என்பது புதிய கதையல்ல. புலித்தேவரின் நெற்கட்டும்செவல் எங்கள் ஊரிலிருந்து சிறிது தூரந்தான். அவரை எதிர்த்து 1759 முதல் போர் நடத்தி, 1761இல் அவருடைய கோட்டைகளைப் பிடித்தவர் கும்பினிப் படையின் தளபதியாக இருந்த யூசுப்கான். அதே யூசுப்கான் 1763இல் கும்பினியை எதிர்த்து நின்றார். 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். இதை நாட்டுப்புறக் கதைப்பாடலும் பாடியது; மருதநாயகம் என்ற பெயரில் திரையுலகமும் அதன்மீது ஆசை வைத்தது. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் பிரிட்டிஷ் இந்தியப் படையின் போர்க்கைதிகள் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' அந்த இராணுவத்தைத் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்தது.

கவனித்துப் பாருங்கள். கொடி மாறியவர்களைப் பற்றி நமக்குக் கதை இருக்கிறது. அதில் துரோகம், வீரம், தூக்குமேடை எல்லாம் உண்டு. ஒரே கொடியின்கீழ் தொப்பிச் சின்னம் மட்டும் மாறியவர்களைப் பற்றிக் கதை இல்லை. எண்ணிக்கையில் அவர்கள்தான் மிகுதி. தென்காசிப் பக்கத்து ஊர்களில் இந்த வாழ்க்கையை நேரில் கண்டவர்கள் எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். ஆண்டுக்கு இருமுறை விடுப்பில் வந்து, பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் குறித்துவிட்டுப் போகும் அந்த மனிதர் ஏன் ஒரு சிறுகதையின் மையத்துக்கு வருவதே இல்லை? வந்தால் ரம் பாட்டிலோடும் உடைந்த இந்தியோடும் ஒரு வேடிக்கைப் பாத்திரமாக வருகிறார். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

*

காவல் பணி என்பது வாயிலில் நாற்காலி போட்டு உட்காரும் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு நாளை நினைவூட்ட வேண்டும். 2016 ஜனவரி 2 அதிகாலை பதான்கோட் விமானப்படைத் தளத்துக்குள் பயங்கரவாதிகள் புகுந்தார்கள். அந்தத் தாக்குதலில் உயிரிழந்த பாதுகாப்புப் படையினர் ஏழு பேர். அவர்களில் ஐவர் டி.எஸ்.சி.யைச் சேர்ந்தவர்கள். ஜக்தீஷ் சந்த் என்பவர் சமையற்கூடப் பக்கம் ஆயுதமின்றி இருந்தவர். தாக்கியவர்களில் ஒருவனைத் துரத்திப்போய்க் கட்டிப் புரண்டு, அவனுடைய துப்பாக்கியைப் பறித்து அவனைச் சுட்டுக் கொன்றபின் மற்றவர்களின் குண்டுக்கு இரையானார். ஃபதே சிங் என்பவர் 1995இல் காமன்வெல்த் துப்பாக்கிச் சுடும் போட்டியில் பதக்கம் வென்றவர். ஒரு பணிக்காலத்தை முழுதாக முடித்து, ஓய்வூதியமும் பெற்று, இரண்டாவது முறையாகச் சேர்ந்தவர்கள் இவர்கள். சம்பளத்துக்காகச் சேர்ந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் அந்த அதிகாலையில் அவர்கள் செய்தது எந்த வகையில் குறைந்துவிட்டது?

நடுகல் அவர்களுக்குக் கிடைத்தது. என் கேள்வி, சாகாதவர்களைப் பற்றியது.

இரண்டாவது ஓய்வூதியத்தை எடுத்துக்கொள்வோம். பழைய பணிக்காலத்தைச் சேர்க்காமல் டி.எஸ்.சி. பணிக்கெனத் தனியாக ஓய்வூதியம் பெற வேண்டுமானால் 15 ஆண்டு தகுதிப் பணி வேண்டும். நாற்பதைத் தாண்டிச் சேர்கிறவர் பணியின் வயது வரம்புக்குள் இதை எட்டுவதற்குச் சில மாதங்கள் குறைந்துபோவது அரிதல்ல. அந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டு ஓய்வூதியம் தரலாமா, கூடாதா என்ற வழக்குகள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் பல அமர்வுகளில் ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சீருடை அணிந்த ஒருவர், சில மாதங்களுக்காக வழக்கறிஞரின் முன்னறையில் கோப்போடு உட்கார்ந்திருக்கும் காட்சியை நினைத்துப் பார்க்கிறேன். ஓராண்டுக்கு உட்பட்ட குறையை வழக்கின்றியே பொறுத்துக்கொள்வதால் நாட்டின் கருவூலம் காலியாகிவிடாது.

மறுதரப்பையும் சொல்லியாக வேண்டும். ஒருவருக்கு இரண்டு ஓய்வூதியம் எதற்கு, வேலையில்லாத இளைஞர்கள் லட்சக்கணக்கில் காத்திருக்கும்போது ஏற்கெனவே ஒரு பணியை முடித்தவருக்கு இன்னொன்று எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதவிநிலையை அப்படியே தொடரவிட்டால், வாயிலில் நிற்க ஆளில்லாமல் எல்லோரும் ஹவில்தார்களாகவே இருப்பார்கள் என்பதும் நடைமுறை உண்மை. பட்டைகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆண்டுகளைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறேன். ஒருவர் உழைத்த காலம் எங்கே, எந்தச் சின்னத்தின்கீழ் கழிந்திருந்தாலும் அது ஒரே அரசுக்கு உழைத்த காலம்.

வேறு நாடுகளில் இதை வேறுவிதமாகப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2004இல், ஆட்குறைப்புக்கு உள்ளான கடற்படையினரும் விமானப்படையினரும் தரைப்படைக்கு மாறிச் சேர ஒரு திட்டம் வந்தது. நீலத்திலிருந்து பச்சைக்கு என்று அதற்குப் பெயர். சீருடையின் நிறத்தை வைத்து. ஈராக் போருக்கு ஆள் தேவைப்பட்ட காலம் அது. அதன் அரசியலில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒரு படையில் கற்றது இன்னொரு படையிலும் செல்லும் என்ற அதன் அடிப்படையை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் நாட்டிலும் நல்ல முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 1982இல் பிரதேச இராணுவத்தில் ஒரு சூழலியல் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. சுண்ணாம்புக்கல் வெட்டி மொட்டையாகிவிட்ட முசௌரி மலைச்சரிவுகளில் மரம் நடுவது அதன் வேலை. சேர்ந்தவர்கள் அந்தக் கார்வால் பகுதியின் முன்னாள் படைவீரர்கள். சொந்த மலைக்குத் திரும்பி, சீருடையோடு குழி வெட்டி, கன்று நட்டார்கள். மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வாழ்கிற எனக்கு அதைப் படித்தபோது பொறாமையாகவே இருந்தது.

*

இத்தனையும் ஒரு தலைமுறையின் பழைய கதையாக முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். 2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நான்கு ஆண்டுப் பணி. முடிவில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினர் நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்புவார்கள். அதில் பாதி அவர்களுடைய மாதச் சம்பளத்திலிருந்தே பிடித்தது. ஓய்வூதியம் இல்லை. திரும்புகிறவர்களுக்கு மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைபிள்ஸிலும் 10 விழுக்காடு ஒதுக்கீடு என்று அதே 2022இல் அறிவித்தார்கள். முதல் அணியினருக்கு நான்கு ஆண்டுகள் நிறையும் காலம் 2026இன் இறுதியை ஒட்டியது.

மாமாவுக்கு இரண்டாவது சீருடை ஒரு தேர்வாக இருந்தது. வேண்டாம் என்றால் ஓய்வூதியத்தோடு எலுமிச்சைத் தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருக்கலாம். அக்னிவீரனுக்கு அது வாழ்க்கையின் அமைப்பிலேயே இருக்கிறது. இருபத்துச் சொச்சம் வயதில் அவன் ஒரு படையிலிருந்து வெளியே வந்து, வேறொரு அமைச்சகத்தின் வேறொரு படைக்கு விண்ணப்பம் எழுதுவான். அங்கே அவன் புதியவன். முந்தைய நான்கு ஆண்டுகள் ஒரு சான்றிதழாக மட்டும் கையில் இருக்கும். ஒருவன் ஓய்வூதியத்துக்குப்பின் இரண்டாம் முறை சேர்ந்த காலம் போய், முதல் ஓய்வூதியமே இரண்டாம் படையில்தான் என்ற காலம் வந்திருக்கிறது. டி.எஸ்.சி.காரர்களின் 'சில மாதக் குறை' வழக்குகளை இப்போதே ஒழுங்காகத் தீர்க்கவில்லை என்றால், நாளை இந்தப் பிள்ளைகளின் நான்கு ஆண்டுகளும் அதே கதியை அடையும். அந்த நான்கு ஆண்டுகள் அவர்கள் சேரும் அடுத்த படையின் பணிமூப்பிலும் ஓய்வுக்காலப் பயன்களிலும் கணக்கிடப்பட வேண்டும். கேட்கப்படுவது சலுகை அல்ல, கூட்டல் கணக்கு.

எழுதுகிறவர்களிடமும் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. தேர் ஊருக்குள் நுழைந்ததும் பாட்டை முடித்துவிடும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். வாசற்படிக்கு உள்ளே என்ன நடந்தது, ஓராண்டில் ஏன் மறுபடியும் பெட்டி கட்டப்பட்டது, பித்தளைக் கிண்ணத்தில் கிடந்த பட்டைகளைப் பிள்ளைகள் என்னவென்று புரிந்துகொண்டார்கள் என்பதெல்லாம் எழுதப்பட வேண்டிய பாலைத்திணை.

மாமா இரண்டாவது முறையும் ஓய்வுபெற்று வந்துவிட்டார். மகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டாள். காலை ஐந்து மணிக்கு எழுந்து சவரம் செய்துகொண்டு, மண்டிப் பக்கம் நடந்துவிட்டு வருகிறார். சென்ற மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் அக்னிவீரனாகத் தேர்வாகிப் புறப்பட்டான். பேருந்து நிறுத்தத்தில் நல்ல கூட்டம். மாலை, புகைப்படம் எல்லாம் இருந்தன. மாமா கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றிருந்தார். பிறகு அவனருகே போய், "ஏலே, பேப்பரெல்லாம் பத்திரமா வச்சுக்கிடு. எத்தன நாள் வேல பாத்தேன்னு ஒவ்வொரு நாளும் எழுதி வச்சுக்கிடு" என்றார்.

பையனுக்கு விளங்கவில்லை. தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டான்.